ஸ்காட்லாந்து மலைக்குடிலில் தனியாக ஓர் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பாத்தி’ என்கிறார்களே, அது என்ன?

கீரை விதைக்கும் பாத்தி அல்ல. ஸ்காட்லாந்தின் மலைப்பக்கங்களில் மேய்ப்பர்களும் மான் காவலர்களும் பண்ணையாட்களும் ஒருகாலத்தில் தங்கிய கல்வீடுகளுக்கு அந்த ஊரில் அப்படிப் பெயர். ஆட்கள் வெளியேறிய பிறகு இவற்றில் பல இடிந்துகொண்டிருந்தன. 1965இல் தொடங்கப்பட்ட மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு, கூரை மாற்றி, சுவர் பூசி, இன்றுவரை பராமரித்து வருகிறது. சுமார் நூறு குடில்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில், சில வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும். வீடும் நிலமும் பெரும்பாலும் எஸ்டேட்காரர்களுடையவை. அவர்கள் சரி என்று சொல்லும்வரைதான் கதவு திறந்திருக்கும்.

பூட்டு இல்லை, வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. மின்சாரம், குழாய், மெத்தை, போர்வை, பாத்திரம் எதுவும் இல்லை. கழிப்பறையும் அநேகமாக இல்லை. நான்கு சுவர், கூரை, கதவு, ஒரு மேசை, நாற்காலி என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று, படுக்க ஒரு மரப்பலகைத் தளம் அல்லது வெறும் கல்தரை. சிலவற்றில் இரும்பு அடுப்போ கணப்போ இருக்கும். கல்லால் கட்டிய கூடாரம் என்று நினைத்துக்கொண்டு மூட்டை கட்டினால் எதுவும் மறந்துபோகாது. வீடு என்று நினைத்துப் போகிறவர்கள்தான் நடுங்குகிறார்கள்.

முன்பதிவே இல்லையென்றால், நான் தனியாகத்தான் இருப்பேன் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை போனால் ஈ காக்கை இருக்காது; ஜூலை சனிக்கிழமை போனால் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும். அதனால்தான் தனியாகப் போகிறவர் சிறு கூடாரமோ, குறைந்தது உள்ளே படுத்துறங்கத் தண்ணீர் புகாத உறையோ எடுத்துப் போவது கட்டாயம். குடில் நிரம்பியிருக்கலாம், பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கலாம், வழியில் ஆறு பெருகி நீங்கள் அங்கே போய்ச் சேராமலே இருக்கலாம். ஒன்றேகால் கிலோ கூடுதல் சுமைதான்.

மூடியிருக்குமா என்பதை அமைப்பின் இணையதளத்தில் அந்தந்தக் குடிலின் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சில குடில்கள் ஆடு ஈனும் பருவத்தில் மூடப்படும். சிலவற்றில் மான் வேட்டைக் காலத்தில் தங்கக் கூடாது. கலைமான் வேட்டை மும்முரமாக நடப்பது ஆகஸ்ட் முதல் அக்டோபர் 20 வாக்கில். ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று நுழைந்துவிடுகிற ஒருவரால் எஸ்டேட்காரர் குடிலையே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம்.

முதல் முறை தனியாகப் போக எந்தக் குடில், எந்த மாதம்?

முதல் தடவை அடுப்பில்லாத, ஆறு கடக்காமல் போக முடியாத, பாதையே இல்லாத குடிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தெளிவான பாதை, இரண்டு மூன்று மணி நேர நடை, வழியில் பாலம், இவை போதும். அதே குடிலுக்கு முதலில் பகலில் ஒரு முறை போய்த் திரும்பி வந்திருந்தால் இன்னும் நல்லது. கதவு எந்தப் பக்கம், ஓடை எவ்வளவு தூரம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு இருட்டில் பாதி வேலை மிச்சம்.

மாதம் என்றால் மே முதல் பாதி, அல்லது செப்டம்பர் பிற்பாதி. மே கடைசியில் ‘மிட்ஜ்’ என்ற கடுகளவு கடிபூச்சி கிளம்பிவிடும், செப்டம்பர் பாதிவரை விடாது. காற்றில்லாத மாலையில் கதவைத் திறந்துவைத்தால் மேகம் போல உள்ளே வரும். தலையில் மாட்டும் வலை ஒன்று முப்பது கிராம்தான், வாங்கி வையுங்கள். மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் செல்லுபடியாகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி நேரம். முதுகில் 14, 15 கிலோ இருக்கும்போது ஐந்தை நான்காக்கிக் கொள்ளுங்கள்.

கெய்ர்ன்கோர்ம் மலைகளில் உள்ள கொரூர் குடிலை எடுத்துக்கொள்வோம். மான் காவலர் ஒருவர் தங்குவதற்காக 1877இல் கட்டியது; லேரிக் க்ரூ கணவாயில், டெவில்ஸ் பாயின்ட் மலையின் அடியில் இருக்கிறது. லின் ஆஃப் டீ கார் நிறுத்துமிடத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். மணிக்கு நான்கு வீதம் மூன்றேகால் மணி நேரம். மொத்த ஏற்றம் 250 மீட்டர் அளவு, அதற்கு இருபத்தைந்து நிமிடம். நின்று தண்ணீர் குடிக்க, சட்டை மாற்ற, வரைபடம் பார்க்க முக்கால் மணி. ஆக நான்கரை மணி நேரம் ஆகிறது.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் காலை எட்டே முக்காலுக்கு எழுந்து, மாலை மூன்றரைக்கெல்லாம் படுத்துவிடும். இருட்டுவதற்கு ஒரு மணி முன்பாவது குடிலில் இருக்க வேண்டும் என்றால், காலை பத்துக்குள் நடை தொடங்கியாக வேண்டும். ‘ஹெட்டார்ச் இருக்கிறதே’ என்பது பதில் அல்ல. மூடுபனியில் டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், சாம்பல் நிறக் கல்வீடு இருபதடியில் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவீர்கள். ஜூனில் இந்தக் கவலையே இல்லை. இரவு பத்துமணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

வழியில் ஆறு குறுக்கிட்டால்?

உண்மையான ஆபத்து இங்கேதான். குடிலுக்குள் இருக்கும் இரவைவிடப் போகும் வழியும் வரும் வழியும்தான் ஆட்களைக் கொல்கின்றன.

ஸ்காட்லாந்து ஓடைகளின் குணம் இது: மழை பெய்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருகும், மழை நின்று சில மணி நேரத்தில் வடியும். காலையில் கல்மேல் கால்வைத்துத் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடலாம். எனவே வரைபடத்தில் பாதை ஓடையைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ‘பாலமா, வெறும் துறையா’ என்று வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொரூர் வழியில் லூய்பெக் ஓடைக்கு ஒரு துறை உண்டு. அதற்குச் சற்று மேலே பாலமும் உண்டு. தண்ணீர் கூடுதலாக இருந்தால் அந்தச் சிறு சுற்றைப் போட்டுப் பாலத்தில் கடப்பதே முறை. டீ ஆற்றுக்கும் குடிலுக்கு எதிரே நடைபாலம் இருக்கிறது.

பாலம் இல்லாத இடத்தில், தனி ஆளுக்கு அளவு முழங்கால். அதற்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். தண்ணீருக்குள் கல் உருளும் சத்தம் கேட்டாலும், நீர் பழுப்பாகி நுரையும் கிளையும் அடித்துவந்தாலும் இறங்காதீர்கள். இறங்குவதானால் பையின் இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பை உங்களைக் கவிழ்த்துப் பிடிக்கும், உதறிவிட முடிய வேண்டும். செருப்பைக் கழற்றிக்கொண்டு வெறுங்காலில் இறங்குவது நம் ஊர் வாய்க்காலுக்குச் சரி, இங்கே பூட்ஸோடுதான். ஊன்றுகோலை நீரோட்டத்தின் மேல்புறம் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு கால். திரும்பி வரும் நாளில் ஆறு அடைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாள் உணவு கூடுதலாக எடுத்துப்போகச் சொல்வது இதற்காகவே.

யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

வீட்டில் இருக்கும் ஒருவரிடம், எழுத்தில். ‘மலைக்குப் போகிறேன், நாளைக்கு வருவேன்’ என்பதை வைத்து மீட்புக் குழு எங்கே தேடும்? எந்தக் குடில், எந்தப் பாதையில் போவது, எதில் திரும்புவது, கார் எண், கார் நிற்கும் இடம், கூடாரத்தின் நிறம், சட்டையின் நிறம். கடைசியாக ஒரு கெடு (999 என்பது பிரிட்டனின் அவசர உதவி எண்): ‘ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, மலைமீட்பு வேண்டும் என்று சொல்.’ கெடுவை உங்கள் உத்தேச நேரத்திலிருந்து மூன்று நான்கு மணி தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் கிடைக்காத தாமதத்துக்கெல்லாம் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

குடிலில் ஒரு குறிப்பேடு இருக்கும். பெயர், தேதி, எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே என்று எழுதுங்கள். தேடி வருகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

பையில் என்னென்ன?

உடை, கூடாரம், வரைபடம் எல்லோரும் எடுப்பதுதான். தனி ஆளுக்கென்று முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறோம்.

வெளிச்சம் இரண்டு: ஒரு ஹெட்டார்ச், புது பேட்டரியோடு இன்னொன்று. முதலாவது கெட்டால் பேட்டரி மாற்றவே வெளிச்சம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டோ மூன்றோ தடித்த மெழுகுவர்த்தி. தீப்பெட்டியும் லைட்டரும், தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். காகித வரைபடமும் திசைகாட்டியும் கண்டிப்பாக. செல்போன் வரைபடம் நன்றாக இருக்கும், குளிரில் பேட்டரி பொத்தென்று விழும்வரை. போனை ஏரோபிளேன் நிலையில் போட்டு, உள்சட்டைப் பையில் வையுங்கள், இரவில் உறக்கப்பைக்குள். விசில். சிறு மண்வெட்டி. கையடக்கக் கார்பன் மோனாக்சைடு அலாரம். மாற்று உள்ளாடையும் காலுறையும் தண்ணீர் புகாத பையில் கட்டி, எந்தக் காரணத்துக்கும் நடக்கும்போது தொடாமல்.

பி.எல்.பி. எனப்படும் அவசரச் சமிக்ஞைக் கருவி, தனியாகப் போகிறவருக்குச் செலவழிக்கத் தகுந்த ஒரே விலை உயர்ந்த பொருள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு உங்கள் இடத்தைச் சொல்லும், சந்தா இல்லை. பிரிட்டனில் அதைக் கடலோரக் காவல் முகமையிடம் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத கருவி அழைத்தால் யார் அழைக்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

கதவைத் திறந்து உள்ளே போனதும் முதலில் என்ன செய்வது?

உட்காராதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். நனைந்து களைத்து வந்தவர் ‘ஐந்து நிமிடம்’ என்று பெஞ்சில் உட்காருவார்; உடல் சூடு இறங்கும், விரல் விறைக்கும், பிறகு ஜிப் திறக்க வராது, தீக்குச்சி பிடிக்க வராது. கூட ஆள் இருந்தால் ‘ஏன் உளறுகிறாய்’ என்று கேட்பார். தனியாக இருக்கும்போது கேட்க ஆளில்லை. ஆகவே வரிசையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஈர உடை முழுதும் கழற்றி, உலர்ந்ததைப் போடுங்கள், தொப்பி உட்பட. இரண்டாவது, இனிப்பாக ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, வெளிச்சம் இருக்கும்போதே ஓடைக்குப் போய் நான்கு லிட்டர் தண்ணீர். நான்காவது, படுக்கையை விரித்து உறக்கப்பையை உதறிப் பரப்புங்கள். அது உப்பி எழ அரைமணி வேண்டும். பிறகு சூடாகக் குடிக்க ஒரு கோப்பை. அடுப்பு மூட்டுவது இவ்வளவுக்கும் பிறகுதான். ஈர உடையோடு அடுப்போடு மல்லுக்கட்டி, அது பிடிக்காமல் போனால் இரண்டும் கெட்டது.

அடுப்பு மூட்டுவது எப்படி? எவ்வளவு எரிபொருள் சுமக்க வேண்டும்?

அங்கே விறகு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சுற்றிலும் மரமே இருக்காது. இருந்தாலும் உயிருள்ள மரத்தை வெட்டக் கூடாது, வெட்டினாலும் எரியாது. ஒரு மாலைக்கு மூன்று கிலோ கரிக்கட்டி, ஒரு கிலோ உலர்ந்த சுள்ளி, இரண்டு தீமூட்டித் துண்டு. சுமை அதிகம் என்றால் அடுப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, அதற்கேற்ற உறக்கப்பை எடுங்கள். அதுவும் நியாயமான முடிவுதான்.

மூட்டும் முன் புகைபோக்கியைச் சோதியுங்கள். ஒரு காகிதத்தைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தால் சுடர் உள்பக்கம் சாய வேண்டும். சாயாமல் புகை அறைக்குள் திரும்பினால் குழாய் அடைத்திருக்கலாம் (காக்கை இனப் பறவை ஒன்று அதற்குள் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டும்), அல்லது குழாயில் குளிர்ந்த காற்று நிற்கலாம். இன்னும் இரண்டு காகிதம் கொளுத்தியும் இழுக்கவில்லையென்றால் அன்றைக்கு அடுப்பு இல்லை.

இழுத்தால், ஆறிய சாம்பலை வாரி எடுங்கள். கம்பிச் சட்டத்தின் மேல் இரண்டு சுள்ளியை இணையாக வைத்து, நடுவில் தீமூட்டி, அதன் மேல் விரல் பருமனில் எட்டுப் பத்துச் சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். கீழ்க்காற்றுத் துவாரம் முழுதும் திறந்திருக்க வேண்டும். கரிக்குக் காற்று கீழிருந்து வர வேண்டும். பற்றவைத்ததும் கதவை ஒரு விரல் அளவு திறந்தே வைத்து, சடசடவென்று பிடித்ததும் சாத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஐந்தாறு கரித்துண்டு. அவை ஓரம் சிவந்த பிறகு மீதி. அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டினால் சுள்ளி நசுங்கி அணைந்துவிடும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

குப்பை எரிக்காதீர்கள். உணவுப் பொட்டலத்தின் அலுமினிய உறை எரியாது, சட்டத்தின் கண்ணை அடைக்கும். பூட்ஸை அடுப்பில் ஒட்டிவைத்தால் அடிப்பாகத்துப் பசை இளகி, மறுநாள் வாய் பிளக்கும். தனியாக இருக்கும்போது இருட்டில் கோடரி எடுக்கவே வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

மணம் இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுவதும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். நாள் முழுக்க நடந்தவருக்கு அதெல்லாம் களைப்பு என்றுதான் தோன்றும். அப்படியே தூங்கிப்போவார். பக்கத்தில் யாரும் இல்லாததால் எழுப்பவும் ஆளில்லை.

மூன்று இடங்களில் வருகிறது. ஒன்று, இழுக்காத புகைபோக்கி. இரண்டு, படுக்கப் போகும்போது அடுப்பு நிறையக் கரி போட்டு, ‘விடியும்வரை கனியட்டும்’ என்று காற்றை அடைப்பது. அரைகுறையாகக் கனலும் கரிதான் இந்த வாயுவை அதிகம் விடும். படுப்பதற்கு ஒரு மணி முன்பே கரி போடுவதை நிறுத்தி, துவாரத்தைத் திறந்தே விட்டு, எரிந்து அடங்க விடுங்கள். மூன்று, வெளியே சமைத்த கரி பார்பெக்யூ தட்டைச் சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவது. ஒருபோதும் கூடாது, அணைந்ததுபோல் இருந்தாலும் கூடாது. கேஸ் அடுப்பு எரியும்போதும் சன்னலையோ கதவையோ கொஞ்சம் திறந்துவையுங்கள். அலாரத்தைத் தலைமாட்டில், நீங்கள் மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள்.

தண்ணீர் சுத்தமாக இருக்குமா?

பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். இருநூறு மீட்டர் மேலே செத்த மான் ஒன்று ஓடையில் கிடப்பது இங்கிருந்து தெரியாது. குடிலுக்கும் மேல்புறத்தில், ஓடும் நீரில் மொண்டு, கொதி வந்து ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். வடிகட்டிக் குழாய் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் அதைச் சட்டைக்குள் வைத்துத் தூங்க வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் ஒரு தடவை உறைந்தால் நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

சாப்பாடு, கேஸ்?

100 கிராம் கேஸ் உருளை, குளிர்ந்த ஓடைத்தண்ணீரை ஆறு லிட்டர் அளவு கொதிக்க வைக்கும். கோடையில் ஓர் இரவுக்குப் போதும். குளிர்காலத்தில் 230 கிராம் உருளையே எடுங்கள். அதுவும் வெறும் பியூட்டேன் அல்ல, புரோப்பேன் கலந்தது. பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாகாமல் உள்ளேயே கிடக்கும். உருளை கனமாக இருக்கிறது, அடுப்போ எரியவில்லை என்று குழம்புவார்கள். காலைச் சமையலுக்கான உருளையை இரவில் கால்மாட்டில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அரிசி வேக இருபது நிமிடம்; மலையில் அது கேஸை விழுங்கும். வறுத்த ரவையில் தாளிப்பும் உப்பும் கலந்து எடுத்துப்போனால் 100 கிராமுக்கு 300 மில்லி கொதிநீர், மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. முந்திரியைத் தாராளமாகப் போடுங்கள். இரவு குளிருக்குக் கொழுப்புதான் விறகு. படுக்கும் முன் இன்னொரு பிடி கடலை மிட்டாய்.

கழிப்பறை?

கொரூரில் ஒன்று இருக்கிறது. மற்றபடி பெரும்பாலான இடங்களில் மண்வெட்டிதான். பலவற்றில் கதவோரம் தொங்கும். குடிலிலிருந்து 200 மீட்டர், ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கீழ்ப்புறமாக, 15 சென்டிமீட்டர் குழி. காகிதத்தைப் புதைக்காமல் இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுபோங்கள். குளிர்ந்த புளித்த கரிமண்ணில் அது எளிதில் மக்காது. இருட்டில் போகும்போது குடிலுக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிய வேண்டும் என்று தோன்றும், சன்னல் வெளிச்சம் பார்த்துத் திரும்பலாமே என்று. ஆளில்லாத வீட்டில் மெழுகுவர்த்தி வேண்டாம். இரண்டாவது டார்ச்சைச் சன்னலில் வைத்துவிட்டுப் போங்கள்.

கல்வீடு, கூடாரத்தைவிடக் கதகதப்பாக இருக்குமல்லவா?

இல்லை. காற்றும் மழையும் உள்ளே வராது, அவ்வளவுதான். கூடாரத்தின் சிறு இடத்தை உங்கள் உடம்பே கொஞ்சம் சூடாக்கும். இரண்டடிக் கல்சுவர் மாதக்கணக்கான குளிரைச் சேர்த்துவைத்திருக்கும். ஒரு மாலை அடுப்பு எரித்தால் அடுப்பின் முன்னால் மட்டும் சுகம்.

குளிர் கீழிருந்துதான் ஏறும். குளிர்காலத்துக்கு ஆர் மதிப்பு (பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 4க்கு மேல் உள்ள காற்றுப்பாய், அதன் அடியில் மடிப்பு நுரைப்பாய். காற்றுப்பாய் நடு இரவில் ஓட்டையானால் நுரைப்பாய் காப்பாற்றும். உறக்கப்பையில் ‘சௌகரிய அளவு’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள், ‘கடைசி எல்லை’ என்று போட்டிருப்பதை அல்ல; குளிர்காலத்தில் மைனஸ் 5 சௌகரிய அளவு இருக்கட்டும். ஒரு லிட்டர் கெட்டிப் புட்டியில் கொதிநீர் ஊற்றி, மூடியைத் திருகி, கவிழ்த்துப் பார்த்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும்.

டிசம்பரில் இருட்டு பதினேழு மணி நேரம். அவ்வளவு நேரம் தூங்க முடியாது. புத்தகம் எடுத்துப் போங்கள்.

எலி?

உண்டு. உணவைப் பையோடு தரையில் வைத்தால் பையைக் கடித்துத்தான் உள்ளே போகும். உங்கள் நல்ல பைக்கு ஓட்டை. உத்தரத்திலிருந்து தொங்கும் கம்பியில், சுவருக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள். பிஸ்கட் தூளைக்கூட சட்டைப்பையில் விடாதீர்கள். மேசையில் நேராக ரொட்டியை வைக்க வேண்டாம். அதன்மேல் இரவில் யார் நடந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இரவில் பயமாக இருக்காதா? பேய்க் கதைகள் வேறு இருக்கின்றனவே.

முதல் இரவு கொஞ்சம் இருக்கும். சத்தத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி போய்விடும். கூரைத் தகரம் அடுப்பணைந்து ஆறும்போது ‘டக், டக்’ என்று சுருங்கும். பிளாஸ்டிக் பை சரசரப்பது எலி. சுவரில் யாரோ உரசுவதுபோல் கேட்டால் ஆடோ மானோ காற்றுக்கு ஒதுங்கியிருக்கிறது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் இணைசேரும் பருவத்துக் கலைமான், அடிவயிற்றிலிருந்து கரகரவென்று உறுமும். தெரியாதவருக்குக் குலை நடுங்கும். பிரிட்டனில் ஓநாயும் கரடியும் காட்டில் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

லோக் எரிக்ட் ஏரிக்கரையில் உள்ள பென் ஆல்டர் குடிலில் பழைய காவலர் ஒருவர் தூக்கு மாட்டிக்கொண்டார், அவர் ஆவி உலவுகிறது என்று சொல்வார்கள். அவர் உண்மையில் தன் படுக்கையில் இயற்கையாக இறந்தவர்.

நடு இரவில் யாராவது வந்தால்? பெண்கள் தனியாகத் தங்கலாமா?

வருவார்கள். பாதை தவறி, நனைந்து, பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளுகிறவருக்கும் உங்களுக்கு உள்ள உரிமை உண்டு. குடிலில் ‘இடமில்லை’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. உள்தாழ் இருந்தாலும் பூட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. அடைமழையில் நிற்பவருக்கு அந்தக் கதவு உயிர்.

பெண்கள் நிறையப் பேர் தனியாகத் தங்குகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்து களைத்த மலைக்காரர்கள். கார்ச் சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள குடில்களில்தான் வார இறுதிக் குடிக்கூட்டம் சேரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிய இடத்துக்குப் பீர்ப்பெட்டி தூக்கிவருவது குறைவு. இரண்டு அறையுள்ள குடிலைத் தேர்ந்தெடுங்கள். சாமானைப் பரப்பாமல், பத்து நிமிடத்தில் கட்டக்கூடிய நிலையில் வையுங்கள். ‘நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்’ என்று சொல்வதில் பாவமில்லை. மனசுக்கு ஒவ்வவில்லையென்றால் காரணம் தேட வேண்டாம், கூடாரத்தை எடுத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் நகருங்கள். கூடாரம் எடுத்துவரச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

அடிபட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோ?

குடிலுக்குள் அநேகமாகச் சிக்னல் இருக்காது. 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்: ‘ரிஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு ‘யெஸ்’ அனுப்பினால் முடிந்தது. பேச முடியாத அளவு பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம்.

கணுக்கால் சுளுக்கு, காய்ச்சல் என்றால் அங்கேயே இருங்கள். உங்களுக்குக் கூரை இருக்கிறது, கெடு முடிந்ததும் தேடி வருவார்கள். நொண்டிக்கொண்டு இருட்டில் கிளம்புவதுதான் சிறு காயத்தைப் பெரிதாக்கும். எலும்பு முறிவு, நிற்காத இரத்தம், நெஞ்சுவலி என்றால் பி.எல்.பி.யை வெளியே திறந்த வானத்தின் கீழ் வைத்து அழுத்துங்கள். கல்சுவருக்குள் இருந்து அழுத்தினால் சமிக்ஞை மேலே போகாமல் போகலாம். விசிலோ டார்ச்சோ: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அதன் பிறகும் நிறுத்தாதீர்கள், இடத்தைக் கண்டுபிடிக்க அது வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள்.

உண்ணி?

வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை இரவில் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு பாருங்கள். கொக்கிக் கருவியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

காலையில் கிளம்பும் முன்?

அடுப்பு முற்றாக அணைந்திருக்க வேண்டும். சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். கறுத்துக் கிடக்கும் கரிக்குள் மணிக்கணக்கில் கங்கு இருக்கும். உங்கள் குப்பையோடு, பழையவர் விட்டுப்போன இரண்டு காலிப் புட்டியையும் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மீந்த உணவை ‘யாருக்காவது உதவும்’ என்று வைத்துவிட்டுப் போக வேண்டாம், உதவுவது எலிக்குத்தான். மீந்த சுள்ளியை வைக்கலாம். அடுத்து நனைந்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார். தரையைப் பெருக்கி, சன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு இழுத்துப் பாருங்கள். காற்றில் திறந்த கதவு வழியே உள்ளே போகும் ஆடு, கதவு மறுபடி சாத்திக்கொண்டால் வெளியே வரத் தெரியாமல் அங்கேயே செத்துப்போகும்.

சிக்னல் கிடைத்த முதல் இடத்தில், காபிக்கடை தேடுவதற்கு முன், வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீங்கள் மறந்தாலும் எட்டு மணிக் கெடு மறக்காது. சாப்பிட உட்கார்ந்த பத்துப் பதினைந்து பேர் தட்டை நகர்த்திவைத்துவிட்டு உங்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.